மூன்று பட்டை

கடல் தாண்டி வந்து, ரெங்கம் என்ற ஊருக்கு அருகே நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தில் என் அப்பா பால்மரம் வெட்டினார், மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. தனியாளான என் தாய்மாமா அங்கே கங்காணி. அதற்குமுன் பெரிய சண்டையின்போது இருவரும் ஒரே பட்டாளத்தில் பஸ்ராவில் இருந்தவர்கள். அங்கே அப்பா ஹவில்தார், மாமா அவருக்குக் கீழே சிப்பாய். அப்பாவின் காக்கிச் சட்டைக் கையிலிருந்து பிரித்த, ஹவில்தாருக்கு அடையாளமான மூன்று பட்டைகளை அம்மா தகரப்பெட்டிக்குள் வைத்திருந்தாள். இந்தத் தலைகீழ் மாற்றம் எனக்கு விசித்திரமாகப் படவில்லை. கங்காணிக்கு மேலே துரை, துரைக்கு மேலே ஆகாயம் என்பதுதான் எட்டு வயதில் எனக்குத் தெரிந்த வரிசை.

ஒரு வருஷம், சண்டை முடிந்த நாளைக் கொண்டாட பழைய சிப்பாய்கள் எல்லாரும் திடலில் அணிவகுத்து நிற்க வேண்டும் என்று துரை உத்தரவிட்டார். அவரும் சண்டைக்குப் போய் வந்தவர். உத்தரவு வந்த அன்று சாயங்காலமே மாமா எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். கங்காணி வேலை கேட்டபோது, தானே ஹவில்தாராக இருந்ததாகத் துரையிடம் சொல்லி வைத்திருந்தாராம்.

"மாப்ள, அந்தப் பட்டைய ஒரு நாளைக்குக் குடுங்க. இல்லேன்னா என் மானம் போயிடும்" என்றார்.

பதில் சொன்னது அம்மாதான். "அண்ணே, சோறு கேளுங்க, போடறேன். அத மட்டும் கேக்காதீங்க."

மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்தத் தோட்டத்துல எப்படிப் பொழைக்கிறீங்கன்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அம்மா உடனே அப்பாவின் பழைய சட்டையோடு ஊசி நூலை எடுத்து உட்கார்ந்தாள்.

"நல்லா யோசிச்சுக்க. வேலை போனா மூட்டையத் தூக்கிக்கிட்டு வேற தோட்டம் தேடி செடெனாக் பக்கந்தான் நடக்கணும்" என்றார் அப்பா.

"நடப்போம்" என்றாள் அம்மா, நூலைப் பல்லால் கடித்தபடி. என் கிழிந்த பாவாடையைக் கோணல்மாணலாகத் தைத்துத் தருகிறவள், அந்தப் பட்டைகளை மட்டும் விரலால் அளந்து அளந்து தைத்தாள்.

திடலில் அப்பா பட்டைகளோடு போய் நின்றார். மாமாவின் சட்டைக் கை வெறுமையாக இருந்தது. துரை இரண்டு சட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "கங்காணி, யாரு ஹவில்தார்?" என்று கேட்டார். மாமா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா குதிகாலைச் சேர்த்து நிமிர்ந்தார். "நாந்தாங்க ஐயா. கங்காணி எனக்குக் கீழ சிப்பாய். குண்டடிபட்டுக் கெடந்த என்னைத் தோள்ல தூக்கிட்டு வந்தவரு."

துரை மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, "அப்ப நீயே ஆர்டர் குடு" என்றார்.

வீட்டில் சோறு கொதிக்கும் சத்தத்துக்கு மேலே உயராத அப்பாவின் குரல், அன்றைக்குப் பால் ஸ்டோர் சுவரில் போய் மோதியது. எல்லாரும் விறைத்தார்கள். முதலில் விறைத்தது மாமா. சந்தோஷத்தில் கத்தப்போன என் வாயை அம்மா பொத்தினாள்.

மறுநாள் காலை பெரட்டுக்கு எல்லாரும் வரிசையில் நின்றபோது ஆள் கணக்கு எடுத்தது மாமாதான். துரைக்கு வேண்டியது பால், பட்டையல்ல போலும். மாமா யார் முகத்தையும் பார்க்காமல், அப்பாவுக்கு ஆகத் தொலைவான மலைச்சரிவை ஒதுக்கினார். "சரிங்க கங்காணி" என்று சொல்லி அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேற்றுப் போட்ட சத்தத்தை இன்றைக்கு ஒரு தடவை போட்டால் என்ன? அப்பாவுக்குப் பயம் என்று முடிவுகட்டினேன்.

மத்தியானம் அம்மா ஒரு தூக்கில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு, மாமாவிடம் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது. முணுமுணுத்துக்கொண்டே கொண்டுபோய், மாமா முன்னால் ணங்கென்று வைத்தேன்.

அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, சோற்றில் கை வைக்காமல் என்னைப் பார்த்தார்.

"உங்கப்பா மலையிலேருந்து எறங்கிட்டாராம்மா? சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரு."

அதற்குப் பிறகுதான் அவர் கை சோற்றில் இறங்கியது. மாமாவுக்கு இன்றைக்குப் பசியில்லை என்று நினைத்துக்கொண்டு, தூக்குக்காகக் காத்து நின்றேன்.