கோடு இறங்கியது, குடித்தது யார்?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை. எங்கள் வீட்டுப் பூனை சீனி, மணல் பெட்டிக்குள் நாலாவது தடவையாகப் போய்க் குந்தினான்.

முதல் மூன்று தடவையும் நான் பெரிதாக எடுக்கவில்லை. நாலாவது தடவை அவன் அழுதான். பசிக்குக் கத்துவான், சண்டைக்குக் கத்துவான்... இது அந்தச் சத்தம் இல்லை. அடித்தொண்டையிலிருந்து, நீளமாக, மனிதக் குரலுக்குக் கிட்டிய ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். காய்ந்த மணல். ஒரு துளி ஈரம் இல்லை.

வயிற்றைத் தொட்டேன். உள்ளே சின்னத் தோடம்பழம் அளவில் ஏதோ கல்லாய்க் கிடந்தது.

நான் இருப்பது மாம்புரியில் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புத் தண்ணீர் தேங்கும் களப்பு, நடுவில் நாங்களும் தென்னையும் காற்றும். மிருக வைத்தியரைப் பார்க்க வேண்டுமென்றால் புத்தளம் ரவுணுக்குத்தான் போக வேண்டும். கணவர் மரக்கறி ஏற்றும் சின்ன லொறியை எடுத்தார். பூனையைச் சந்தைக் கூடையில் வைத்து, மேலே துவாயைக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

பாலாவி வரைக்கும் சீனி கத்திக்கொண்டே வந்தான். பாலாவியில் நிறுத்திவிட்டான். அவன் கத்தும்போது இருந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"மூச்சு இரிக்கா?" என்று கேட்டார் கணவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

துவாய்க்குள் கையை விட்டேன். விலா ஏறி இறங்கியது.

"இரிக்கி. நீங்க கெதியாப் போங்க."

வைத்தியர் இளம் பெண். சிலாபம் பக்கத்துச் சிங்களப் பிள்ளை. தமிழ் நன்றாகப் பேசுவார். நான் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்தவள் என்பதால் என்னை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். சீனியின் வயிற்றை ஒருதரம் அமுக்கினார்.  மயக்க ஊசி போட்டு, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டார். கோப்பையில் வந்தது மூத்திரம் இல்லை, தேயிலைச் சாயம் மாதிரி ஒன்று. அடியில் பொடி மணலாய் ஏதோ படிந்தது.

"இது பரல் டீச்சர், மூத்திரத்துல படியிற பொடிக் கல்லு. கடுவன் பூனைக்கு வாற வருத்தம். வழி அடைச்சுப் போகும். நாளைக்கு எண்டு விட்டிருந்தா, கஷ்டம்."

"இது ஏன் வந்த?"

"தண்ணி காணாது. கல்லுத் தண்ணி குடுக்காதீங்க. நீங்க குடிக்கிற தண்ணியையே குடுங்க. எப்பவும் அவனுக்கு முன்னால தண்ணி இரிக்க வேணும். நிறையக் குடிக்க வேணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்தலே ஆறு மாதத்தில் உள்ளே வெள்ளை பூசிக்கொள்ளும். நாங்கள் குடிப்பது கேனில் வாங்கும் தண்ணீர். பூனைக்கு வைத்தது கிணற்றுத் தண்ணீர், அதுவும் பழைய மாஜரின் டப்பாவில், ஞாபகம் வரும்போது. அந்த டப்பா எத்தனை நாள் காய்ந்து கிடந்திருக்கும்? வீடு திரும்பும் வழியெல்லாம் அதையேதான் யோசித்தேன்.

இரண்டு நாள் கழித்துச் சீனியைக் கூட்டி வரப் போனபோது, ரவுணில் மீன் தொட்டியும் பூனைச் சாப்பாடும் விற்கும் கடையொன்றுக்குள் நுழைந்தேன். பயந்த பெண்ணைக் கண்டால் கடைக்காரர்களுக்குத் தெரிந்துவிடும்.

"ராத்தா, இதப் பாருங்க. ஊத்து மாதிரித் தண்ணி ஓடும். பூனைகளுக்கு ஓடுற தண்ணி நல்ல விருப்பம்," என்று என்னை அக்கா முறையில் கூப்பிட்டு ஒன்றைக் காட்டினார் கடைக்காரர்.

"கரண்ட் வேணுமா நானா?" என்று நானும் அவரை அண்ணன் முறையில் கேட்டேன்.

"ஓம், சின்ன மோட்டர் ஒண்டு இரிக்கி."

"கரண்ட் போனா?"

"போனா நிக்கும்."

எங்கள் பக்கம் காற்று கொஞ்சம் பலமாக வீசினாலே கரண்ட் போய்விடும். 'நிக்கும்' என்ற அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. வேண்டாம் என்றேன். அடுத்து, நுனியில் இரும்புக் குண்டு வைத்த போத்தல் ஒன்றைக் காட்டினார். நாக்கால் தட்டினால் துளி விழுமாம். அது முயலுக்கு. துளித் துளியாய்க் குடித்து என் பூனை எப்போது பிழைப்பது?

மூன்றாவதுதான் இது. பெரிய போத்தல் ஒன்று, கீழே கோப்பை. போத்தலை நிரப்பித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் சரி. கோப்பையில் மட்டம் குறையக் குறைய, மேலேயிருந்து தண்ணீர் தானாக இறங்கும். மோட்டர் இல்லை, வயர் இல்லை. பூமி இழுக்கும் வரைக்கும் வேலை செய்யும்.

அதிலும் நான் சும்மா எடுக்கவில்லை. கை உள்ளே போய்க் கழுவக்கூடிய வாயா என்று பார்த்தேன். பூனை தட்டினால் சரியாதபடி அடி கனமா என்று பார்த்தேன். பூப்போட்ட நிறப் போத்தல் வடிவாக இருந்தது. இருந்தும் கண்ணாடி மாதிரித் தெரியும் போத்தலைத்தான் எடுத்தேன். ஏன்? எவ்வளவு குடித்தான் என்று வெளியிலிருந்தே தெரிய வேண்டும் அல்லவா?

"ராத்தா நல்லா யோசிச்சு எடுக்கிறீங்க," என்றார் கடைக்காரர். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பின் விறாந்தையில், சமையலறைக் கதவுக்கு வெளியே அதை வைத்தேன். தண்ணீர் சிந்தினாலும் பரவாயில்லாத இடம். போத்தலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன். அடுத்த நாள் காலை பார்த்தால், தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு விரல். ஒவ்வொரு காலையும் புதுக் கோடு போட்டேன். போட்ட பிறகுதான் எனக்குத் தேத்தண்ணீர் இறங்கியது.

"குடிக்கிறான்," என்று கணவரிடம் சொல்வேன்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்பார் அவர்.

பகலில் எனக்கு டியூஷன் பிள்ளைகள். முன்னறையில் இலக்கணம் நடக்கும், பின் விறாந்தையில் தண்ணீர் இறங்கும். எல்லாம் ஒழுங்காக ஓடியது. பயம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

மூன்றாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை, சீனி கட்டிலுக்கு அடியிலிருந்து வரவில்லை. மீன் தலையைக் காட்டியும் வரவில்லை. தவழ்ந்து போய் இழுத்து எடுத்தேன். கை படக்கூடாத இடத்தில் கை பட்டதும் அதே சத்தம்... அதே கல்.

மறுபடியும் லொறி. இந்தத் தடவை சீனி கத்தவில்லை. ஏறியதிலிருந்தே கத்தவில்லை. துவாய்க்குள் விட்ட கையை ரவுண் வரும் வரை நான் வெளியே எடுக்கவே இல்லை. விலா ஏறுகிறதா, இறங்குகிறதா? லொறி குலுங்கும்போதெல்லாம் அது அவன் மூச்சா, ரோட்டுப் பள்ளமா என்று தெரியாமல் தவித்தேன்.

மறுபடியும் வைத்தியர், மறுபடியும் ஊசி, மறுபடியும் குழாய். இந்தத் தடவை குழாய் இலேசில் போகவில்லை. அவருடைய நெற்றியில் வியர்வை அரும்பியதைப் பார்த்துக்கொண்டே சுவரோடு சாய்ந்து நின்றேன். எனக்குத் தெரிந்த துஆவெல்லாம் பாதிப் பாதியாக வந்தது. கடைசியில், போன தடவையை விடக் கறுப்பாக, கோப்பையில் சொட்டத் தொடங்கியது.

கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "தண்ணி குடிக்கிறானா டீச்சர்?"

"நல்லாக் குடிக்கிறான். ஒரு நாளைக்கு ரெண்டு விரல் மட்டம் இறங்குது. நான் கோடு போட்டு வச்சிரிக்கேன்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"அவன் குடிக்கிறத நீங்க கண்டீங்களா?"

முப்பது வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டவள் நான். இந்தக் கேள்வியை மட்டும் எனக்கு நானே கேட்டதில்லை.

வியாழக்கிழமை சீனி வீட்டுக்கு வந்தான். அன்று டியூஷனை நிறுத்தினேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு, இடுக்கு வழியாக விறாந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகு சீனி வந்தான். நேராகக் கோப்பைக்குத்தான் போனான். தாகம் இருந்தது அவனுக்கு. குனிந்தான். நாக்கு இரண்டு மூன்று தடவை தண்ணீரைத் தொட்டது.

'குளுக்'.

போத்தலுக்குள் ஒரு குமிழி ஏறியது. தண்ணீர் இறங்கும்போது காற்று மேலே போகத்தானே வேண்டும்? எனக்கு அது கேட்டும் கேட்காத சத்தம். சீனி காதுகளை மண்டையோடு ஒட்டிக்கொண்டு பின்னால் பாய்ந்தான். சுவரில் மோதினான். வால் பிரஷ் மாதிரிப் பருத்துவிட்டது. பிறகு என்னைத் தாண்டி உள்ளே ஓடிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான்.

அப்படியானால் மூன்று கிழமையாக இரண்டு விரல் தண்ணீரைக் குடித்தது யார்?

அதையும் இருந்து பார்த்தேன். முதலில் பக்கத்து வீட்டுக் கோழிகள் நாலு, பழகிய வாடிக்கையாளர்கள் மாதிரி ஏறி வந்தன. பிறகு ஓர் அணில். அதற்குப் பிறகு, எலும்பெல்லாம் தெரியும் ஒரு சாம்பல் நிறத் தெருப்பூனை, வயிற்றில் குட்டியோடு. குமிழி குளுக்கென்றது. அது தலையைக்கூடத் தூக்கவில்லை. சத்தத்துக்குப் பயப்பட அதற்கு எங்கே நேரம்? குடித்துக்கொண்டே இருந்தது.

என்னுடைய கோடுகளெல்லாம் சரியானவை. ஒரு கோடுகூடப் பிழை இல்லை. என் பூனை மட்டும்தான் அந்தக் கணக்கில் இல்லை.

அன்றே அலுமாரியிலிருந்து நல்ல பீங்கான்கள் மூன்றை எடுத்தேன். விருந்தாளிக்கென்று வைத்தவை. அகலமானவை, ஆழமில்லாதவை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்று, முன்னறையில் ஒன்று, ஜன்னலுக்குக் கீழே ஒன்று. கேன் தண்ணீரில் மீன் அவித்த உப்பில்லாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்து ஊற்றினேன். ஊற்றிவிட்டுப் போகவில்லை. நிலத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அரை மணி நேரம். ஒரு மணி நேரம். எழுந்துவிடலாம் என்று கையை ஊன்றியபோது, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூக்கு வந்தது. பிறகு தலை. சீனி தண்ணீரை மோந்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் தண்ணீரைப் பார்த்தான். சத்தம் வருமா என்று காத்திருந்தான். வரவில்லை. குடிக்கத் தொடங்கினான். சின்ன நாக்கு ஓயாமல் தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தது. நிறுத்துவானோ என்ற பயத்தில் நான் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல்தான் விட்டேன். பிறகு மணல் பெட்டிக்குப் போனான். நனைந்த மணலைப் பார்த்து ஒரு மனுஷி அழுதாள் என்று நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அத்தோடு இந்தக் கிழமைக் கதையை முடித்திருப்பேன். வைத்தியரின் கேள்வி விடவில்லை.

நீங்க கண்டீங்களா?

கணவருக்குப் பிரஷர். கிழமைக்கு ஏழு அறை உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் அவருடைய குளிசைகளை நான்தான் அடுக்கி வைப்பேன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் பெட்டியைத் திறந்து பார்ப்பேன். அன்றைய அறை வெறுமையாக இருக்கும். மனம் ஆறிவிடும்.

வெள்ளிக்கிழமை காலை, ஊறப்போட எடுத்த அவருடைய சட்டைகளின் பைகளைத் துழாவினேன். இதற்கு முன்பு நான் அப்படிச் செய்ததில்லை. ஒரு சட்டையில் இரண்டு குளிசை. இன்னொன்றில் மூன்று. மூன்றாவது சட்டையில், முந்தி ஒரு தரம் தோய்த்ததில் கரைந்து காய்ந்த வெள்ளைப் பொடி.

அவர் முற்றத்தில் லொறிக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். கையை நீட்டிக் காட்டினேன்.

"இது என்ன?"

பார்த்தார். பம்பைக் கீழே வைத்தார்.

"வெறும் வயித்துல குடிச்சா தலை சுத்துது. சாப்பிட்டுட்டுக் குடிப்பம் எண்டு பையில போடுவேன். சந்தைக்குப் போனா மறந்துபோகும்."

"எத்தின நாளா?"

அவர் டயரை ஒருதரம் அமுக்கிப் பார்த்தார்.

"நோன்பு முடிஞ்சதிலிருந்து."

பூனையை மடியில் வைத்துக்கொண்டு புத்தளத்துக்கு நாங்கள் போய்வந்த தூரமெல்லாம் நினைவுக்கு வந்தது. நான் கூடைக்குள் கையை விட்டு விலாவைத் தொட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாளே கிளினிக். லொறி வேண்டாம் என்று பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். தாதி அவருடைய கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். மெஷினைப் பார்த்தார். மற்றக் கையில் சுற்றினார். மறுபடியும் முதல் கைக்கு வந்தார். மூன்றாவது தடவை அவர் பட்டையைச் சுற்றும்போது நான் கிட்டப் போய் மெஷினை எட்டிப் பார்த்தேன்.

"ஐயா, நீங்க எழும்ப வேணாம். இப்படியே இரிங்க," என்றார் தாதி. கணவர் என்னைப் பார்த்தார். அவரும் பயந்திருந்தார். நாற்பது வயதுக்கு மேல் ஆண்கள் பயப்படுவதைக் கண்டுபிடிப்பது கடினம். கண்கள் மட்டும்தான் சொல்லும்.

ஒரு மணி நேரம் இருக்க வைத்து, குளிசை கொடுத்து, மறுபடியும் அளந்து, டொக்டர் மருந்தை மாற்றினார். இனிச் சாப்பாட்டுக்குப் பிறகு குடிக்கிற மாதிரி ஒன்று. இரண்டு கிழமைக்கு லொறி ஓட்டக்கூடாது. தலை சுற்றுவதை ஏன் முதலே சொல்லவில்லை என்று டொக்டர் ஏசினார். அவர் ஏசுவதைக் கேட்கக் கேட்க எனக்குத் தைரியம் வந்தது. கைவிட்ட ஆட்களை யாரும் ஏச மாட்டார்கள் அல்லவா?

நாம் வாங்கும் பாதிச் சாமான்கள் நம்முடைய பயத்தை ஆற்றத்தான். போத்தல் பூனைக்கென்று நினைத்தேன், அது எனக்கு. ஏழு அறைப் பெட்டியும் எனக்குத்தான். குறைந்த தண்ணீரையும் வெறும் அறையையும் பார்த்து நான் நன்றாக இருந்தேன். இருக்க வேண்டிய இரண்டு பேர்தான் நன்றாக இருக்கவில்லை.

போத்தலைப் பின் விறாந்தையிலேயே விட்டுவிட்டேன். சாம்பல் பூனைக்கு இன்னும் சில நாளில் குட்டி வந்துவிடும், அதற்கும் தண்ணீர் வேண்டும். கோடு போடுவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு பேரும் என் கண் முன்னாலேயே குடிக்கிறார்கள். ஒருவர் தண்ணீர், ஒருவர் குளிசை. விழுங்கி முடியும் வரை நான் கதிரையை விட்டு எழும்புவதில்லை.

அதில் ஒருவர் மட்டும் என்னை முறைக்கிறார்... அது பூனை இல்லை.