தரங்கம்பாடிக் கோட்டையின் மருந்து அறை

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்குச் சிவகாசியில் மயிலாடுதுறை ரயிலைப் பிடித்தோம், நானும் என் மனைவி மாரியும். நான் அச்சகத்தில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவன். முந்நூறு வருஷத்துக்கு முன்பே தமிழ்ப் புத்தகம் அச்சடித்த ஊர் தரங்கம்பாடி. பார்க்க ரொம்ப நாள் ஆசை. ஆனால் இந்தப் பயணத்துக்குக் காரணம் வேறு. மாரி, விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து அடைப்பவள். போன மாதம் பக்கத்து ரூம் வெடித்து, இரண்டு பெண்கள் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. தீபாவளி சீசன் நெருங்குகிறது, திங்கட்கிழமை வருகிறாயா இல்லையா என்று போர்மேன் கேட்டிருந்தார். இரண்டு நாள் நல்ல கடல்காற்றை வாங்கினால் அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்பது என் கணக்கு.

மயிலாடுதுறையிலிருந்து முப்பது கிலோமீட்டர் பஸ். இரவு தங்கி, ஞாயிறு காலை பழைய நகர வாயில் வழியாக ராஜ வீதிக்குள் நடந்தோம். வண்டிச் சத்தமே இல்லை. வீதி முடிந்ததும் கடல்.

கோட்டைக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட். தஞ்சை நாயக்க மன்னரிடம் இடம் வாங்கி 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டியது. மிளகுக்காக வந்தவர்கள் இருநூறு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார்கள். ஊர் மதிலில் பாதியைக் கடல் தின்றுவிட்டது. கோட்டை மட்டும் அலையைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறது. எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

கீழ்த்தளத்தில் ஓர் அறையைக் காட்டி, அந்தக் காலத்தில் வெடிமருந்து வைத்த இடம் என்றார் காவலாளி. மாரி உடனே செருப்பைக் கழற்றினாள், போனை என்னிடம் தந்தாள், வாசலோரச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அவர்கள் ஆலையில் அந்த இடத்தில் செப்புத் தகடு இருக்கும். உடம்பிலுள்ள மின்சாரம் தரைக்கு இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். கேலி செய்ய வாயெடுத்தேன். அதற்குள் அவள், உள்ளே படம் எடுத்துக்கொண்டிருந்த காரைக்கால் குடும்பத்தை எண்ணிவிட்டாள்; ஆறு பேர். மருந்து அடைக்கும் ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஆலைச் சட்டம்.

"இங்கன நாலு பேருக்கு மேல நிக்கக் கூடாது. ரெண்டு பேரு வெளிய வாங்க."

கோட்டை ஊழியர் என்று நினைத்து இருவர் வெளியே வந்துவிட்டார்கள். நான் சிரித்தேன். மாரி சிரிக்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

"அன்னைக்கு அந்த ரூம்ல எட்டு பேருங்க. வாசல்ல இடிச்சுக்கிட்டு விழுந்தாக. நான் தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லல."

ஒரு மாதமாக அவளைத் தூங்கவிடாதது பயம் என்றே நினைத்திருந்தேன்.

கோட்டைக்குப் பின்னால் கடலோரம் போய் அவளே போர்மேனுக்குப் போன் போட்டாள். "அண்ணாச்சி, நாளைக்கு வாறேன். ரூமுக்கு நாலு பேருதான். அஞ்சாவது ஆளக் கூட்டியாந்தீகன்னா எல்லாரையும் எந்திரிக்கச் சொல்லி வெளிய வந்துருவேன்."

வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். பார்க்கட்டும், நான் போய் நிற்பேன் என்றாள்.

பத்தரைக்குப் பஸ் ஏறினோம். டேனிஷ்காரர்களுக்கு ஊரை விற்றுவிட்டுத் திரும்பிப் போக ஒரு நாடு இருந்தது. எங்களுக்கு ஊரும் சிவகாசிதான், பிழைப்பும் சிவகாசிதான். அவளைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை, பயமும் போகவில்லை. அச்சகத்துக்குப் போன் செய்து, நாளை ஒரு மணி நேரம் தாமதமாக வருவேன் என்று சொன்னேன். ஆலை வாசல்வரை அவளோடு போகவேண்டும்.