காசு கொடுக்காத டிக்கெட்டுகள்

என்னிடம் காசு கொடுக்காமல் டிக்கெட் வாங்கிப் போனீர்கள். ஒரு தடவை இல்லை, இரண்டு வருஷம். எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வாக இருந்த உங்களைத்தான் சொல்கிறேன். கண்டக்டர் வேலை பார்த்தவனுக்கு என்ன எழுத வரும் என்று நினைத்திருப்பீர்கள். வந்த மாதிரி எழுதுகிறேன்.

எட்டயபுரத்தில் புறப்பட்டு, கரிசல் காட்டுக்குள் நாலைந்து ஊர்களில் நுழைந்து கோவில்பட்டிக்கு வரும் தனியார் பஸ் அது. டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்திருக்கும். அது எம்.எல்.ஏ. சீட்டு. முதலாளி உத்தரவு. அவருக்குப் புது ரூட்டுக்குப் பெர்மிட் வேண்டும். நீங்கள் வராத நாளிலும் துண்டு கிடக்கும். பருத்தி எடுத்து இடுப்பு ஒடிந்து ஏறும் பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருத்தியும் அதில் உட்கார மாட்டாள். உட்காரச் சொல்லி நானும் சொன்னதில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

நீங்கள் ஓசியில் வருவது ஊருக்கே தெரியும். டிக்கெட் விஷயம் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். இறங்கும்போது கையை நீட்டுவீர்கள். "ஒரு டிக்கெட் கிழிச்சுக் குடுடே." கிழித்த டிக்கெட்டுக்கு நான் ஆபீசில் காசு கட்டியாக வேண்டும். என் தினப்படியான பேட்டாவிலிருந்து கட்டினேன். எதற்கு இந்த டிக்கெட் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

கேட்க வைத்தவர் ஒரு கப்பல்காரர். தூத்துக்குடிக்காரர், கப்பலில் சமையல் வேலை. மனைவியின் ஊர் இந்தப் பக்கம் என்பதால் லீவுக்கு வந்தால் எங்கள் பஸ்ஸில்தான் ஏறுவார். ஒரு நாள் கூட்டத்தில் நின்றுகொண்டே துண்டைப் பார்த்தார்.

"யாருக்குவே இந்தச் சிம்மாசனம்?"

"எம்.எல்.ஏ.வுக்கு அண்ணாச்சி. அவியளுக்கு டிக்கெட் கிடையாது."

"லண்டன்லயும் மெம்பருக்கு ரயில் ஓசிதான். ஆனா சபைக்குப் போக, தொகுதிக்கு வர, அவ்வளவுதான்னு சொல்லுதாங்க. கொழும்புலயும் பாஸ் உண்டு. அங்கன நம்மள மாதிரிதான், கேக்க நாதியில்ல. சுவீடன்னு ஒரு நாடு இருக்கு. அங்க கப்பல் நின்னப்ப துறைமுகத்துல மூட்டை தூக்குதவன் சொன்னான். மந்திரி எங்க போனாரு, யாரு காசுல போனாருங்கிற காகிதம் ஆபீசுல இருக்குமாம். நீரும் நானும் போய்க் கேட்டா எடுத்துக் காட்டணுமாம்."

"நம்மள உள்ள விடுவானா?"

"நீ யாருன்னுகூடக் கேக்கப்பிடாதாம்வே."

கம்பியைப் பிடித்து நின்ற ஒரு அம்மாள் சொன்னாள்: "அப்படின்னா அந்த ஊருல ஒரு பயலும் எலெக்சன்ல நிக்க மாட்டானே!" பஸ்ஸே சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் கப்பல்காரர் காதோரம் கேட்டேன். "ஓசில வாராரு சரி. எறங்கும்போது டிக்கெட்டும் வாங்கிக்கிடுதாரே, எதுக்கு அண்ணாச்சி?"

"ஏலே கோட்டிக்காரா! காசு குடுத்து வந்தேன்னு கவர்மெண்டு ஆபீசுல காட்டிப் பயணப்படி வாங்கத்தாம்ல."

அவர் சொன்னது ஊகம்தான். ஆனால் வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஐப்பசி மழை வந்தது. கரிசல் மண் நனைந்தால் சக்கரத்தை விடாது. வண்டி புதைந்தால் ஆண், பெண் எல்லோரும் இறங்கித் தள்ளுவது இங்கே வழக்கம். அன்றைக்குக் கைப்பிள்ளைக்காரிகூட இறங்கி நின்றாள். நீங்கள் மட்டும் இறங்கவில்லை. "கொஞ்சம் எறங்குனா பாரம் கொறையும்யா" என்று டிரைவர் கெஞ்சினார்.

"வேட்டி வீணாப்போயிரும். தள்ளுங்கடே, நான் இருந்துக்கிடுதேன்" என்றீர்கள்.

உங்களையும் சேர்த்துத் தள்ளினோம். கோவில்பட்டியில் இறங்கும்போது முழங்கால் வரை மண் அப்பியிருந்த என் முன்னால் வழக்கம்போலக் கையை நீட்டினீர்கள்.

"காசு குடுங்க, டிக்கெட் தாரேன்" என்றேன்.

"என்னது?"

"காசு குடுக்காதவியளுக்கு டிக்கெட் எதுக்குங்கேன்."

"ஒம் மொதலாளிட்ட பேசிக்கிடுதேன்."

பேசினீர்கள். மறுநாள் காலையில் என் தோல்பை வேறொருவன் தோளில் தொங்கியது. "பெர்மிட் வார நேரத்துல கெடுத்துட்டியேடே" என்றார் முதலாளி. நான் தீப்பெட்டி ஆபீசில் மூட்டை தூக்கினேன். அது வீட்டுக்குப் பத்தவில்லை. என் மூத்த மகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குச்சி அடுக்கப் போனாள். பிறகு அவள் பள்ளிக்கூடம் திரும்பவே இல்லை. நீங்கள் அடுத்த எலெக்சனில் நின்று, நேர்மையைப் பற்றி மைக்கில் பேசினீர்கள். கூட்டத்தில் நானும் நின்று கேட்டேன்.

வருத்தப்பட்டு இதை எழுதவில்லை. அதே சேற்றோடு நான் நிற்க, அதே கையை இன்றைக்கு நீங்கள் நீட்டினாலும் அதே பதிலைத்தான் சொல்வேன். போன வேலையும் எனக்கு வேண்டாம். நான் கேட்பது ஒன்றே ஒன்று. என் பேட்டாக் காசில் கிழித்த அந்த டிக்கெட்டுகளைக் காட்டி அரசாங்கத்திடம் பயணப்படி வாங்கினீர்களா, இல்லையா? சுவீடன்காரனுக்குக் காட்டுகிற காகிதத்தை எங்களுக்குக் காட்ட உங்களுக்கு என்ன தடை? வாங்கவில்லை என்றால், நான் உங்கள்மேல் வீண்பழி போட்டவன். சனத்துக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். ஆள் அனுப்பி என்னை வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம், நான் வரமாட்டேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். பருத்திக்காரிகள் பஸ்ஸுக்கு நிற்கும் சாயங்கால நேரமாகப் பார்த்து வந்து, அவர்கள் காதில் விழும்படி பதில் சொல்லுங்கள்.