கூரை வாய்க்காலில் கிடந்த அறுகரிசி

கொக்குவிலில் ரயில் பாதைக்குக் கிட்ட, மதில் கட்டிய வளவுக்குள் சுதாகரன் தனியாக இருக்கிறான். என் ஒன்றுவிட்ட தங்கை பூரணத்தின் கடைசி மகன். ஐம்பது தாண்டியும் அவனுக்குக் கலியாணம் சரிவரவில்லை. தாயும் போன பிறகு மிஞ்சியது அக்கா குணலட்சுமியும், கூரை திறக்கும் ஒரு வெள்ளைக் காரும்தான். மணமக்கள் கூரைக்கு மேலே எழும்பி நின்று கையசைக்கலாம் என்பதால் கலியாண வீடுகளுக்கு அந்தக் காரைத்தான் கேட்பார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், மூடிய கூரையாலேயே ஊத்தைத் தண்ணீர் வடிந்து, பின்னால் இருந்த மணப்பெண்ணின் கூறைச்சேலையை நனைத்துவிட்டது. தாலி ஏறிய கையோடு இப்படி நடந்தது நல்லதில்லை என்று ஊர் கதைத்தது. அடுத்ததாக நடக்க இருந்தது குணலட்சுமியின் மகள் நிவேதனாவின் கலியாணம்.

"தம்பி, குறை நினையாதை. பிள்ளைக்கு வேறை கார் பிடிக்கப்போறம். நீ சும்மா வா" என்றாள் அக்கா.

"கார் ஓடாமல் வந்து நான் அங்கை ஆரோடை கதைக்கிறது, அக்கா?"

"சனத்தின்ரை வாயை மூட என்னாலை ஏலாது."

"ஒழுக்கை நிப்பாட்டினால்?"

"நிப்பாட்டிக் காட்டு, பாப்பம்."

மருதனார்மடத்தில் கார் திருத்தும் ஒருவர், கூரைக் கண்ணாடியின் ஓர ரப்பரில்தான் பிழை என்று பசை பூசிக் கொடுத்தார். அடுத்த மழைக்கும் ஒழுகியது. பிறகு சுதாகரனே கூரையைத் திறந்து, அதன் ஓரத்தைச் சுற்றியிருந்த ஒடுங்கிய வாய்க்காலில் பேணியால் தண்ணீர் வார்த்துப் பார்த்தான். மூன்று மூலைகளில் விட்டது வெளியே சில்லுப் பக்கத்தால் ஓடியது. பின்மூலை ஒன்றில் மட்டும் தேங்கி, உள்ளே சொட்டியது. அங்கே தண்ணீர் வடியும் சின்னத் துளைக்குள், மீன்பிடிக்கும் தடித்த தங்கூசி நைலோன் நரம்பை நுனி மழுக்கி, உள்ளே இருக்கும் குழாய் கிழியாமல் மெல்ல விட்டான். பாதியில் தடக்கியது. முன்னும் பின்னும் அசைத்தான். திடீரென்று தண்ணீர் இறங்கியது. கூடவே ஊறிப் புளித்த அரிசியும் அறுகம்புல்லும் வந்தன. எத்தனை சோடிகளை வாழ்த்திச் சனம் தூவிய அறுகரிசியோ!

அக்காவைக் கூப்பிட்டுப் பின்னால் இருத்தி, கூரையை மூடி, மேலே ஒரு வாளி தண்ணீர் ஊற்றினான்.

"நனைஞ்சியோ?"

"இல்லையடா. சரி, நீயே காரை ஓடு."

கலியாணத்தன்று நிவேதனா மாப்பிள்ளையோடு கூரைக்கு மேலே எழும்பி நின்றாள். சனம் அறுகரிசியை அள்ளித் தூவியது. திரும்பவும் அடைக்கும் என்று சுதாகரனுக்குத் தெரியும். ஆனாலும் மறிக்கவில்லை.

"மாமா, உங்கடை தலையிலையும் விழுந்திட்டுது!" என்று சிரித்தாள் அவள்.

"ஓம் பிள்ளை. பொம்பிளையைத்தான் காணேல்லை."

மணமக்களை மாப்பிள்ளை வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து, காரைக் கொட்டிலுக்குள் விட்டு, பின்னிருக்கையைத் தடவிப் பார்த்தான். ஒரு சொட்டு ஈரமில்லை. அதைச் சொல்ல அக்காவுக்குப் போன் எடுத்தான்.

"என்னடா? இங்கை ஒரே சத்தம், ஒண்டும் விளங்கேல்லை. நாளைக்குக் கதை."

"ஓம்" என்று வைத்துவிட்டு, கார்க் கூரையைத் திறந்து, தூரிகையை எடுத்து வாய்க்காலில் கிடந்த அரிசியைக் கூட்டத் தொடங்கினான்.