நடந்து காட்டினேன்

எங்கள் வீட்டு மாடிக்கு ஒரு டான்ஸ் கம்பெனி குடிவந்த அன்று அத்தை அவர்களிடம் கேட்ட முதல் கேள்வி, "கம்பெனின்னா என்னா தயாரிக்கிறீங்க?" என்பதுதான்.

வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அது அவர்கள் செய்த முதல் தவறு. அத்தை கேட்டால் பதில் வர வேண்டும். சிரிப்பு வந்தால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அத்தை அப்பாவின் அக்கா. வீடு அவள் பேரில் இருந்தது. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களை நம்பிக் கட்டிய மாடி. வெயில் காலத்தில் அவர்கள் தலைகாட்ட மாட்டார்கள். மாடி காலியாகக் கிடந்ததால்தான் இவர்களுக்கு விட்டாள். விட்ட நாளிலிருந்து சந்தேகப்பட்டாள்.

ஆடுகிறவர்கள் ஐந்து பேர். ஆண்பிள்ளை மாதிரி கிராப்பு வைத்த ஓர் அம்மாள் அவர்களுக்குத் தலைவி. வாசிக்க இரண்டு பேர். ஒருவர் புல்லாங்குழல். மற்றவர் பஜாரில் குடை ரிப்பேர் செய்கிற பாய். கடையை மத்தியானம் சாத்திவிட்டு டோலக்கோடு வந்துவிடுவார். "ஊர்க்காரராச்சே, இவரு எப்டி இதுங்ககிட்ட மாட்டினாரு?" என்று அத்தை அவரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

சலங்கை இல்லை, பாட்டு இல்லை. டோலக்குக்கு நடுவே தலைக்கு மேல் தொப்பென்று யாராவது விழும் சத்தம்தான் கேட்டது. "படுத்து உருள்றதுக்குப் பேரு டான்ஸா?" என்றாள் அத்தை. அதைவிட மோசம், சாயங்காலத்தில் இரண்டு பேர் கைப்பிடிச் சுவரோரம் நின்று தெருவைப் பார்த்து நோட்டில் எழுதினார்கள்.

"யாரு எப்போ வெளிய போறாங்கன்னு எழுதிக்கிறாங்கடா. எதுக்கு எழுதணும்?"

"விடுக்கா. பாவம், ஆடறவங்க" என்றார் அப்பா.

"உனக்கு என்னா தெரியும்? பொண்ண உக்கார வெச்சே காட்டி உன்ன ஏமாத்தினாங்களே, அப்பவும் நீ பாவம்னுதான் சொன்ன."

அம்மாவுக்கு இடது கால் சற்றுக் குட்டை. பெண் பார்க்க வந்தபோது அம்மாவை முன்கூட்டியே பாயில் உட்கார வைத்துவிட்டார்களாம். காப்பி கொண்டுவந்து கொடுத்தது அம்மாவின் தங்கையாம். மணமேடையைச் சுற்றி வரும்போதுதான் எங்கள் பக்கத்தாருக்குத் தெரிந்ததாம். மாதம் ஒரு முறையாவது அத்தை இதைச் சொல்வாள். அம்மா பாட்டுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். எல்லோரும் போன பிறகுதான் எழுந்திருப்பாள். தெருவில் நாங்கள் நொண்டி விளையாடினால்கூட வீட்டுக்கு வந்து பாண்டி ஆடினேன் என்றுதான் சொல்வேன்.

ஒரு நாள் அத்தை என்னைக் கூப்பிட்டாள். "காயப்போட்ட மொளகாய கெளர்ற மாதிரி மேல போ. என்னா பண்றாங்கன்னு பாத்துட்டு வாடி."

போனேன். அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். வெறுமனே நடந்தார்கள், அவ்வளவுதான். அவர்களில் நெட்டையான ஒரு அக்கா என்னைப் பார்த்து, "உனக்கு யார் மாதிரி நடக்க வரும்?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதற்கே எனக்குக் குரல் எழும்பாது. அன்று எங்கிருந்து தைரியம் வந்ததோ, கையைப் பின்னால் கட்டி, கழுத்தை முன்னால் நீட்டி, பக்கத்து வீட்டு ஜன்னல்களை எட்டிப் பார்த்தபடி அத்தையாக நடந்தேன்.

"அய்யய்யோ, ஓனரம்மா!" என்று பாய் டோலக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வாழ்க்கையில் என்னால் ஒரு கூட்டம் சிரித்தது அதுவே முதல் தடவை. இன்னும் வேண்டும்போல இருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு நடை அம்மாவுடையது. அதையும் நடந்து காட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொரு வாட்டி நட" என்றார் கிராப்பு அம்மாள். நடந்தேன். பாயின் விரல்கள் மெல்ல டோலக்கில் சேர்ந்துகொண்டன. ஒரு தட்டு கனமாக, ஒரு தட்டு இழுத்து. மிளகாயைக் கிளறாமலே இறங்கிவிட்டேன்.

"என்னா பண்றாங்க?"

"நடக்கறாங்க அத்தை."

"பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரே மலையச் சுத்தி நடக்குது. அதுக்கு ஒரு கம்பெனியா?"

அதற்குப் பிறகு அத்தையைவிட எனக்குத்தான் சந்தேகம் அதிகமானது. அம்மா கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் மேலே டோலக் அதே மாதிரி ஒலிப்பதாகப் பட்டது.

ஒரு சாயங்காலம் சந்துக் கோடியில் இருந்த காலி மனையில் ஆடினார்கள். தெருவுக்கே அழைப்பு. "என்னாதான் பண்றாங்கன்னு கண்ணால பாத்துடணும்" என்று அத்தை கிளம்பினாள். அம்மா வழக்கம்போல முதலிலேயே போய்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

கீரைக்காரம்மா கூடையோடு போவதைப்போல ஒருவர் நடந்தார். கீரைக்காரம்மாவே எழுந்து நின்று கை தட்டினாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் தபால்காரர் நடந்தார். பிறகு நெட்டை அக்கா வந்தாள். டோலக், ஒரு தட்டு கனமாக, ஒரு தட்டு இழுத்து.

இரண்டு அடி வைப்பதற்குள் தெரு முழுக்கத் திரும்பி அம்மாவைப் பார்த்தது. அப்பா தரையைப் பார்த்தார். ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேரும் அந்த நடையிலேயே நடந்தார்கள். நான் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். முடிந்த பிறகு, எல்லோரும் போகும்வரை அம்மா எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் அத்தை அவர்களைக் கூடத்துக்கு வரவழைத்தாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். கிராப்பு அம்மாளும் நெட்டை அக்காவும் பாயும் வந்து நின்றார்கள்.

"எங்க வீட்டுப் பொம்பளய நடுத்தெருவுல நொண்ட வெச்சிட்டீங்களே! யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு?"

நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். நெட்டை அக்காவின் பார்வை ஒரு கணம் என் மேல் பட்டு விலகியது. "யாரும் சொல்லல. மாடிலேர்ந்து நாங்களே பாத்தோம்."

"பாத்தீங்க இல்ல? நான் அப்பவே சொன்னேன்! இந்த வாரமே காலி பண்ணுங்க."

"கேலி பண்றதுக்கு இல்லம்மா..." என்று பாய் ஆரம்பித்தார்.

அப்போது அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். அந்நியர்கள் நிற்கும்போது அவள் கூடத்துக்கு நடந்து வந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி நெட்டை அக்காவின் எதிரில் நின்றாள்.

"நீ நடந்தது தப்பு."

"மன்னிச்சிடுங்கக்கா. நாங்க..."

"அது இல்ல. எங்க, நட பாப்போம்."

நெட்டை அக்கா கிராப்பு அம்மாளைப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி நடந்தாள்.

"இரு. இடுப்பு அப்டிப் போவாது. அப்டிப் போனா சாயங்காலம் முதுகு விட்டுடும். மொதல்ல தோள்தான் போவும். இப்டி."

அம்மா நடந்தாள். சுவரைப் பிடிக்காமல், கூடத்தின் நடுவில்.

"அடியேய், என்னா பண்ற நீ?" என்றாள் அத்தை.

"தப்பா ஆடறாங்க அண்ணி. என்னுதுன்னு ஊருக்கே காட்டிட்டாங்க, சரியாவாவது காட்டட்டும்." திரும்பி, "நீ பின்னாலயே வா" என்றாள்.

இரண்டு பேரும் நடந்தார்கள். பாயின் விரல்கள் கதவு நிலையில் தட்ட ஆரம்பித்தன. "அவ்ளோ வேகமா இல்ல பாய்" என்றாள் அம்மா. அவர் நிதானித்தார்.

அத்தை சொன்னபடியே அவர்கள் அந்த வாரமே காலி செய்தார்கள். ஆனால் அதற்குள் நெட்டை அக்கா இன்னும் இரண்டு நாள் கீழே வந்து போனாள்.

அம்மா கூடத்தில் எத்தனை முறை நடந்தாள், முகம் எப்படி இருந்தது என்று என் பெண் இப்போது கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் அம்மாவின் கண்களை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவை எப்போது நான் ஒளிந்திருந்த கதவுப் பக்கம் திரும்புமோ என்று. கடைசிவரை திரும்பவில்லை. மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டேன். அன்று அந்தக் கூடத்தில் நடந்தது அது மட்டும்தான் என்று வெகு நாள் நினைத்திருந்தேன்.