புல்தரையில் தெரிந்த சுவர்

இங்கிலாந்தில் ஸ்கார்பெக் என்ற பழைய கிறிஸ்தவ மடத்தின் இடிபாடுகளுக்கு நடுவே இருபத்தாறு வருடமாகப் புல் வெட்டுபவர் ஹெஸ்டர். அந்தக் கோடையில் ஆறு வாரம் மழையே இல்லை. புல்தரையில் நேர்நேராகப் பழுப்புக் கோடுகள் விழுந்தன. தன் வேலைக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று பயந்து, அவர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்.

"புல்லுக்கு ஒரு டீயும் போட்டுக் கொடேன், ஹெஸ்டர்!" என்று வாசலில் நுழைவுச்சீட்டுக் கொடுக்கும் வில்ஃப் கிண்டலடித்தார்.

"வாயை மூடிட்டு ஒரு வாளியைத் தூக்குய்யா."

அகழாய்வு செய்ய வந்திருந்த மரியன் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"ஐயோ, ஊத்தாதீங்கம்மா! அடியில சுவர் இருக்கு, அங்க மண்ணு ஆழமில்ல, அதான் மேல புல்லு காயுது. எட்டாம் ஹென்றி ராஜா மடத்தையெல்லாம் மூடினப்ப இடிச்ச கட்டடம் இது. நோயாளித் துறவிகளை வச்சுப் பாத்த இடம். எத்தனை வருஷமாத் தேடுறோம்!"

ஹெஸ்டர் வாளியைக் கீழே வைத்தார். "பாதியை நனைச்சுட்டேனே!"

"மீதி போதும். நீங்க இவ்வளவு சீரா வெட்டி வைக்கலைன்னா ஒரு கோடும் தெரிஞ்சிருக்காது."

இத்தனை வருடத்தில் அவருடைய வேலையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. கோடு விட்டுப்போன ஓர் இடத்தைக் காட்டி, அதுதான் வாசல் என்றார் மரியன். நாள்தோறும் தெரியாமல் அந்தச் சுவருக்குக் குறுக்கே நடந்த ஹெஸ்டர், முதல்முறையாக அந்த வாசல் வழியே உள்ளே போனார். நெஞ்சு நிறைய நன்றி இருந்தது.