கீழ்த்தளத்தில் பாண்டியம்மாள்

என் மனைவியை என் மனைவி இல்லை என்று சொன்னேன். நடுக்கடலில், கப்பலின் ஒலிபெருக்கியில் அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். காது கேளாதவன்போல உட்கார்ந்திருந்தேன்.

இதுதான் நான் செய்தது. கொஞ்சமாவது நல்லவனாகத் தெரியும்படி இதை எழுத எத்தனையோ முறை முயன்று, தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறேன்... முடியவில்லை. நீங்கள் என்னை வெறுப்பதானால் இப்போதே தொடங்கிவிடலாம்.

நாயுடுபுரத்தில் எங்கள் வீடு. கொடைக்கானலுக்கு வருகிறவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய், கூடாரம் அடித்துத் தங்கவைப்பது என் தொழில். கைப்பேசியில் படம் போட்டுப் போட்டு எனக்கென ஒரு வேடத்தை வளர்த்து வைத்திருந்தேன். பழைய எஸ்டேட் குடும்பத்துப் பிள்ளை. பேரிக்காய் மரங்களுக்கு நடுவே பங்களா. கல்யாணமா, இந்தக் காடு விட்டால் அல்லவா கல்யாணம்! உண்மையில் என் அப்பா பேத்துப்பாறையில் அன்றாடக் கூலிக்கு மண்வெட்டி பிடித்தவர். அதில் என்ன கேவலம்? ஒன்றுமே இல்லை. கேவலம் என் மனதில் இருந்தது.

சென்ற ஆண்டு சென்னையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். மலையிறங்கி, வழியெல்லாம் கூடாரம் அடித்துத் தங்கி, கொச்சி போய், அங்கிருந்து இரவுக் கப்பலில் தீவுக்குப் போவது திட்டம். கிளம்புகிற நேரத்தில் சமையல்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். என் மனைவி பாண்டியம்மாள் தானே வருவதாகச் சொன்னாள்.

மேல்மலையில் பூண்டு போடும் குடும்பத்தில் பிறந்தவள் அவள். முப்பத்தாறு வயதுவரை கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில், கடலைக் காட்டுகிறேன் என்று நான்தான் ஆசை காட்டியிருந்தேன். மகளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, கப்பலில் கட்டிக்கொள்ளவென்று ஒரு புதுச் சேலையை மடித்து எடுத்துக்கொண்டாள். எவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில்!

முதல் கூடாரம் ஆயக்குடிப் பக்கம் ஒரு கொய்யாத் தோப்பில். வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒரு பெண், அதோ அவர் யார், உங்கள் வீட்டுக்காரம்மாவா என்று என்னிடம் கேட்டாள். பத்தடி தள்ளி பாண்டியம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“சமையலுக்கு வந்தவங்க,” என்றேன்.

அரிசி களையும் சத்தம் சற்று நின்றது. பிறகு தொடர்ந்தது. தொழிலுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று பிறகு அவளிடம் மழுப்பினேன். மறுநாள் காலையிலிருந்து என்னை ‘சார்’ என்று கூப்பிட்டாள். அதுவும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது... எவ்வளவு இழிந்தவன் நான்!

கொச்சியில் கப்பல் ஏறினோம். அவர்களுக்கும் எனக்கும் மேல்தளத்தில் கேபின். அவளுக்குக் கீழ்த்தளத்தில், வரிசை வரிசையாகப் படுக்கைகள் போட்ட கூடத்தில் ஓர் இடம். கேபின் எல்லாம் தீர்ந்துபோய்விட்டது என்று அவளிடம் புளுகினேன்.

வாந்தி வராமலிருக்க நால்வருக்கும் மாத்திரை கொடுத்தேன். அவளுக்குக் கொடுக்கவில்லை. இது மறதி இல்லை, திமிர். வளைவுகளில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்தே வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்குக் குமட்டாது என்பது எங்கள் ஊர்ப் பெருமை. கொண்டை ஊசி வளைவில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்பவளுக்குக் கடல் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன்.

கடல் செய்தது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கப்பல் ஆடத் தொடங்கியது. நாங்கள் மேல்தளத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் ஒலிபெருக்கி அழைத்தது. மலையாளத்தில், ஆங்கிலத்தில், பிறகு தட்டுத்தடுமாறித் தமிழில். கீழ்த்தளத்தில் பாண்டியம்மாள் என்பவருக்கு உடல்நலமில்லை, உடன் வந்தவர்கள் உடனே வரவும்...

அந்த நால்வரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அவள் ‘அக்கா’தான், பெயர் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன். தாலி கட்டியவன்!

ஏன் எழவில்லை? ஒரு முதலாளியாகக்கூட இறங்கிப் போயிருக்கலாமே! போயிருந்தால், அந்த மயக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு ‘என்னங்க’ என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். ஆம், அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தேன்.

பிற்பாடு கண்ணாடிப் பெண் ஏதோ காரியமாகக் கீழே போய்விட்டு, பதறிக்கொண்டு வந்தாள்.

“நம்ம அக்காவுக்குத்தாங்க ரொம்ப முடியல. டிரிப்ஸ் போட்டிருக்காங்க. கூட யாரு வந்திருக்காங்கன்னு கேட்டா, யாரும் இல்லைன்னு சொல்றாங்க.”

நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தூங்குங்கள் என்றேன். அவர்கள் தூங்கப் போனார்கள். நான் என் கேபினில் விடியும்வரை விழித்துக் கிடந்தேன்.

காலையில் தீவு வந்தது. வெளிறிய முகத்தோடு, கசங்கிய பழைய சேலையில், சமையல் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். தீவில் இருந்த மூன்று நாளும் சமைத்துப் போட்டாள். கடலை அவள் நின்று பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

ஊர் திரும்பிய பிறகு ‘சார்’ போய்விட்டது. ஆனால் ‘என்னங்க’ திரும்பி வரவில்லை. சாப்பாடு ஆயிற்று என்பதை மகளிடம் சொல்லி அனுப்புகிறாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. வீடு எப்போதும்போல நடக்கிறது.

போன வாரம் என்னால் தாங்க முடியவில்லை. அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அறிவிப்பு என் காதில் விழுந்தது, இருந்தும் அந்த இடத்தைவிட்டு அசையாமல் இருந்துவிட்டேன் என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டமாட்டாளா என்று ஏங்கினேன் என்பதே உண்மை.

அவள் தலை நிமிரவில்லை.

“அசையாம இருந்தீங்களா? நான் படுத்துக் கெடந்த எடத்துல இருந்து பாத்தா படிக்கட்டுதான். எல்லாரும் தூங்கினப்புறம் மேல் படியில ரெண்டு காலு வந்து நின்னுச்சு. ஒங்க காலு எனக்குத் தெரியாதா? இந்தா எறங்குறாரு, இந்தா எறங்குறாருன்னு பாத்துக்கிட்டே கெடந்தேன். திரும்பிப் போயிட்டீங்க.”

உண்மை. படிக்கட்டு வரை போனேன். கீழே அவள் முனகுவது கேட்டது. கேட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

இதை உங்களிடமும் மறைக்கத்தான் பார்த்தேன்.